கழுவிக் கொடுத்த பெட்டி

ஜெயபுரத்திலிருந்து ஒரு படம் வந்தது. அனுப்பியவரை எனக்குத் தெரியாது. ஜெயபுரம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதும் தெரியாது. மீன் ஏற்றும் வெள்ளைப் பெட்டி ஒன்று, அதன் மூடியில் ஓட்டை போட்டுச் செருகிய சின்னத் திரை, திரையில் தமிழில் ‘சூடு சரி’ என்று இரண்டு வார்த்தை. அந்த இரண்டு வார்த்தையை எழுதியவள் நான்.

கோயம்புத்தூரில் ஒரு பாலிடெக்னிக்கில் மின்னணு ஆய்வகத்தைக் கவனிப்பது என் வேலை. பொழுதுபோக்கும் அதுவே. என் கணவரைக் கேட்டால், பைத்தியமும் அதுவே என்பார். சில வருடங்களுக்கு முன் மொட்டை மாடியில் நாலு கோழி வளர்த்தபோது, முட்டை பொரிக்கும் பெட்டிக்கு ஒரு கருவி செய்தேன். பெட்டிக்குள் சூட்டை அளக்கும். குறைந்தால் பல்பை எரிய விடும், கூடினால் அணைக்கும். வயர் இணைப்புப் படத்தையும் நிரலையும் ‘யாரும் எடுக்கலாம், மாற்றலாம், மற்றவர்களுக்குக் கொடுக்கலாம்’ என்று எழுதி இணையத்தில் போட்டேன். அதற்குள் எங்கள் அடுக்குமாடிச் சங்கம் கோழிக்குத் தடை போட்டது. கோழியும் போனது, பெட்டியும் போனது. நிரல் மட்டும் இணையத்தில் கிடந்தது.

படத்தின் கீழே ஒரு குரல் செய்தி. “அக்கா, உங்கட பெட்டியை நாங்கள் செய்துபோட்டம். ஊருக்கே இது ஒண்டுதான். ஒருக்கா வந்து பாருங்கோவன்.” பேசியவர் பெயர் தவம், இலங்கையில் வன்னிப் பக்கம் ஆட்டோ ஓட்டுபவர். சமைத்ததை ஒருவர் ‘நன்றாக இருந்தது’ என்று சொல்லிவிட்டால் சமைத்தவள் கடல் தாண்டியும் போவாள். கிளிநொச்சியில் ஒரு படிப்பகத்தாரும், வருவதானால் ஒரு நாள் எங்களிடமும் பேசுங்கள் என்றார்கள். கல்லூரி விடுமுறை வந்ததும் கிளம்பிவிட்டேன்.

கிளிநொச்சியில் இறங்கியதும் காப்பி தேடினேன். கோயம்புத்தூர்க்காரிக்கு வேறென்ன தேடத் தெரியும்? “கோப்பி இல்லை அக்கா. பால் தேத்தண்ணி தரவோ, பிளேன்ரீ தரவோ?” என்றார் கடைக்காரர். பால் தேத்தண்ணி என்றால் பால்மாவு கலந்தது. வரும் வழியெல்லாம் சாலையை மறித்து மாடுகள் நின்றன. டீக்கடையில் மட்டும் பால் பாக்கெட்டிலிருந்து மாவாக வந்தது. இதற்கு யாரும் எனக்குச் சரியான விளக்கம் சொல்லவில்லை. பிளேன்ரீ கேட்டேன். பால் இல்லாத இஞ்சித் தேநீர். கூடவே பாண் என்கிற சுடச்சுட பிரட், பருப்புக்கறி, தேங்காய்ச் சம்பல். இன்னும் கொஞ்சம் சம்பல் வேணுங்களே என்று நான் கேட்டதும் பக்கத்து மேசைப் பெண் சிரித்துவிட்டார். “அக்கா இந்தியாவோ? நாடகத்தில கதைக்கிற மாதிரியே கதைக்கிறீங்கள்.” தொலைக்காட்சித் தொடரில் மருமகளை விரட்டுகிறவர்களின் தமிழ்தான் என் தமிழும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் படிப்பகத்தில் பேச்சு. ஆசிரியர்கள், தையல் கடை வைத்திருப்பவர், கல்யாண வீடுகளில் படம் பிடிப்பவர் என்று கலவையான கூட்டம். திறமூல மென்பொருள் என்பதை விளக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி சமையல்தான். கடையில் வாங்கும் பலகாரத்தைத் தின்னலாம். செய்முறையையும் சேர்த்துக் கொடுத்தால் உப்பைக் குறைத்து நீங்களே செய்துகொள்ளலாம், பக்கத்து வீட்டுக்கும் சொல்லலாம். அவ்வளவுதான்.

பிறகு நான் பட்டுத் தெரிந்துகொண்டவற்றைச் சொன்னேன். மென்பொருளை நிறுவியதும் அந்த நிறுவல் கோப்பைப் பென் டிரைவில் போட்டுக் கணினியோடு வைத்துவிடுங்கள், இணையம் தேவைப்படும் நாளில்தான் அது இருக்காது. கல்யாணத்துக்கு முதல் நாள் படத்தொகுப்பு மென்பொருளைப் புதுப்பிக்காதீர்கள். ஓடுகிறதை ஓட விடுங்கள். தொலைநோக்கியோ கேமராவோ, பொழுதுபோக்குக்கு எது வாங்க ஆசைப்பட்டாலும் முதலில் இரவல் வாங்கிப் பாருங்கள். ஒரு மாதம் கழித்தும் ஆசை இருந்தால் கடைக்குப் போகலாம். டிரில் இரவல் கொடுத்தால் அதன் அலகுகளையும் அதே பெட்டியில் வைத்துக் கொடுங்கள், தனியாகப் போனது தனியாகவே தொலையும்.

“சும்மா தாற சாமான் திறமா இருக்குமோ?” என்று தையல் கடைக்காரர் கேட்டார். சும்மா கிடைக்கும் காற்று திறமாகத்தானே இருக்கிறது என்றேன். கைதட்டல் கிடைத்தது. அந்தத் தலைக்கனத்தோடுதான் ஜெயபுரம் போனேன்.

தவம் ஆட்டோவோடு வந்தார். நாற்பது வயது இருக்கும். தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டி வயலாக்கிய குடும்பம். பின் இருக்கையில் பாதியை ஒரு வெல்டிங் இயந்திரம் பிடித்திருந்தது. அதன் கேபிளை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். போகும் வழியில் மூன்று வீடுகளில் நிறுத்தினார். ஓரிடத்தில் வெல்டிங் இயந்திரம் இறங்கி, மருந்து தெளிக்கும் கருவி ஏறியது. இன்னோரிடத்தில் கிடாரம் ஒன்று ஏறியது, ஒரு ஊருக்கே சோறு ஆக்கலாம் போன்ற அளவு. கடைசியில் கிடாரத்துக்குள் காலை வைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தேன்.

எல்லாம் பொதுச் சாமான்கள். ஜெயபுரத்தில் பொது மண்டபத்தின் பின்னால் ஒரு அறை இருக்கிறது, சாவி தவத்திடம். டிரில், தையல் இயந்திரம், மல்டிமீட்டர், புரொஜெக்டர், ஒரு ஹார்மோனியம்கூட இருந்தது. எங்கள் அடுக்குமாடியில் வீட்டுக்கு வீடு ஒரு டிரில் இருக்கிறது. எல்லாம் கல்யாணப் பட்டுப்போல அட்டைப் பெட்டிக்குள் தூங்குகின்றன. இங்கே ஊருக்கே ஒரு டிரில். பிடி வழவழப்பாகத் தேய்ந்திருந்தது.

அந்த ஊரின் வழக்கம் ஒன்றைத் தவம் சொன்னார். இரவல் வாங்கியதைக் கழுவாமல் திருப்பிக் கொடுப்பதில்லை, வெறுமையாகவும் கொடுப்பதில்லை. கிடாரம் வந்தால் உள்ளே ஒரு பூசணிக்காய் இருக்கும். டிரில் பெட்டியில் ஒரு பிடி கச்சான், அதாவது நிலக்கடலை, இருக்கும். கேட்டதும் எனக்கு ஊருக்குப் போய் என் எதிர்வீட்டுக்காரருக்கு இதைப் படிப்பிக்க வேண்டும் போலிருந்தது. என் ஏணி அவரிடம் போய் வருடமாகிறது.

மதியச் சாப்பாடு செல்வராணி வீட்டில். குளத்து மீன் குழம்பு, மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை வறை. குசினி என்கிற சமையலறையில் எனக்காக ஒரு கதிரை, நம் நாற்காலிதான், போட்டிருந்தார்கள். அடுத்த முறை பெட்டியை இரவல் வாங்கப் போகிறவர் செல்வராணிதான். போன மழைக்குப் பிறகு வந்த நோயில் அவருடைய கோழிகள் ஒன்று விடாமல் செத்துப்போயின.

“நெல்லுக் காசு அவருக்கு, முட்டைக் காசு எனக்கு. அப்பிடித்தான் இஞ்சை,” என்றார் செல்வராணி, கணவர் இருந்த பக்கம் கையைக் காட்டி. “இப்ப பஸ்ஸுக்குக் காசெண்டாலும் அவரிட்டைத்தான் கேக்க வேணும். அவர் தருவார். எண்டாலும் கேக்க வேணுமெல்லே.”

புதிதாகத் தொடங்க ஊரில் ஒவ்வொரு வீடும் தன் கோழி இட்ட முட்டையில் சிலவற்றைக் கொடுத்திருந்தது. மண்பானையில் உமி பரப்பி, கூர்ப்பக்கம் கீழே இருக்க அடுக்கி வைத்திருந்தார். வெள்ளை, பழுப்பு, லேசான ரோஜா நிறம் என்று ஒரு முட்டைபோல இன்னொன்று இல்லை. முதலில் வந்தவற்றுக்கு ஒரு வாரம் தாண்டிவிட்டது. “இன்னும் ரெண்டு நாள் போனா இதெல்லாம் பொரியாது, கூழ்தான்,” என்றார். திரும்பவும் வீடு வீடாகப் போய்க் கேட்க அவருக்கு வாய் வராது என்பதும் எனக்குத் தெரிந்தது.

பெட்டியைத் தவம் தூக்கி வந்தார். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். பெண் பார்க்க வந்த மாமியார் மாதிரி இருந்தேன் என்று பிறகு கிண்டல் செய்தார்கள். நாங்கள் தெர்மாக்கோல் என்பதை அங்கே றெஜிபோம் என்கிறார்கள். அந்தப் பெட்டி பளீரென்று வெள்ளையாக இருந்தது. மூடியைத் திறந்ததும் சோப்பு மணம். உள்ளே வாழையிலையில் பயற்றம் உருண்டைகள், அழகாக மடித்துக் கட்டியிருந்தது. என் கருவிக்குள் பலகாரம் வைத்துப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

தவம் பிளக்கைச் செருகினார். ‘டப்’ என்று ஒரு சத்தம், பிறகு கருகிய வாசனை. திரை வரவில்லை. “கழட்டுங்க, கழட்டுங்க!” என்று வாய் நிறைய உருண்டையோடு கத்தினேன்.

இதற்கு முன் பெட்டியை வைத்திருந்தவர் பாக்கியம், நாலு வீடு தள்ளி இருப்பவர், செல்வராணிக்குச் சின்ன வயதிலிருந்து கூட்டு. அவருக்குப் பொரித்த குஞ்சுகள் அவர் வீட்டு முற்றத்தில் ஓடித் திரிந்தன. சத்தம் கேட்டு வந்தார்.

“துடைச்சாப் போதும் எண்டு மூடியில எழுதி ஒட்டினதெல்லே பாக்கியமக்கா?” என்றார் தவம்.

“இரவல் வாங்கின சாமானைத் துடைச்சே குடுக்கிறது?” என்று பாக்கியம் திருப்பிக் கேட்டார். “குஞ்சு பொரிச்ச பெட்டி என்ன மணம் மணந்தது தெரியுமே? சவுக்காரம் போட்டு, தும்பால வடிவா தேச்சு, ரெண்டு நாள் வெயிலிலயும் காய வச்சுத்தான் தந்தனான்.”

“வயர் பெட்டியையுமோ?”

“அதைத்தான் முதல்ல தேச்சனான். அதிலதான் ஊத்தை கூட.”

எனக்கு முதலில் வந்தது கோபம். மின்சாரச் சாமானுக்குத் தண்ணீர் ஆகாது என்று பச்சைக் குழந்தைக்குத் தெரியும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாயில் அவர் செய்த பயற்றம் உருண்டை இருந்தது. பேசாமல் விழுங்கினேன். செல்வராணி பானையின் வாயைத் துணியால் மூடிவிட்டு உள்ளே போனார். பாக்கியத்தின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

சாமான் அறையில் இன்னொரு பொரிக்கும் பெட்டியும் இருந்தது. எப்போதோ ஒரு திட்டத்தில் வந்தது, கடையில் வாங்கியது, பார்க்க அம்சமாக இருக்கும். ஒரே பருவத்தில் நின்றுவிட்டதாம். திறந்து பார்க்கத் திருகாணியே இல்லை, எல்லாம் ஒட்டியிருந்தது. இப்போது அதில் விதைக் கச்சான் வைத்திருக்கிறார்கள். என் கருவிக்கு அழகு இல்லைதான், ஆனால் நாலு திருகாணியில் திறந்துவிடலாம். திறந்தேன். சூட்டை அளக்கும் உணரியின் கால்கள் பச்சை பிடித்திருந்தன. பல்பைப் போட்டு அணைக்கும் ரிலே கருகிவிட்டது. மூளைப் பலகையை ஸ்பிரிட்டால் துடைத்து, என் மடிக்கணினியில் இணைத்துப் பார்த்தேன். உயிர் இருந்தது.

இரண்டு சின்னச் சாமான் வேண்டும். தவம் தொலைபேசியில் கிளிநொச்சிக் கடைகளைத் துழாவினார், கிடைக்கவில்லை. வவுனியாவில் றிஸ்வான் என்பவரின் கடையில் ரிலே இருந்தது. உணரி சனிக்கிழமைதான் வரும், மறுநாள் வெள்ளி, ஜும்மாவுக்குக் கடை பூட்டுவோம் என்றார். அன்று வியாழன். கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியாதவள் வானமேறி வைகுண்டம் போன கதையாக, காற்று திறமாக இல்லையா என்று முந்தின நாள்தான் கைதட்டல் வாங்கியிருந்தேன்.

“அந்தப் பெட்டிக்குள்ள அப்பிடி என்னதான் நடக்குது?” என்று செல்வராணி கேட்டார். கேள்வியில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது, நியாயமான எரிச்சல்.

மடிக்கணினியில் நிரலைத் திறந்து தமிழில் வாசித்தேன். சூட்டைப் பார். முப்பத்தேழுக்குக் கீழே என்றால் பல்பைப் போடு. முப்பத்தெட்டை எட்டினால் பல்பை அணை. கொஞ்சம் பொறு. திரும்பவும் சூட்டைப் பார். மிச்சமெல்லாம் திரையில் எழுத்துக் காட்டுகிற அலங்காரம்.

“உவ்வளவுதானோ?” என்றது வாசலிலிருந்து ஒரு குரல். பாக்கியம் போகவில்லை. “உதை நாங்களே செய்யலாமே.”

நான் மடிக்கணினியிலிருந்து நிமிர்ந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. சாமான் அறையில் மல்டிமீட்டர் இருந்தது, சூடு அளக்கும் வயரோடு. வயரைப் பெட்டிக்குள் விட்டு, பல்புக்கு ஒரு சுவிட்சு வைத்தால், கருவி செய்யும் வேலையை ஒரு ஆள் உட்கார்ந்து செய்யலாம், சனிக்கிழமை வரை இரவும் பகலும். நடுவில் கண் அசந்தால் முட்டை அவிந்துவிடும். தொடங்கிவிட்டால் நிறுத்தவும் முடியாது. எல்லாவற்றையும் செல்வராணியிடம் சொன்னேன். அவர் பானையைப் பார்த்தார்.

“வைப்பம்,” என்றார்.

தவம் சுவிட்சைப் பொருத்தினார். ஒரு தட்டில் தண்ணீர் வைத்து, சூடு ஒரு நிலைக்கு வந்ததும் செல்வராணி சாமிப்படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு முட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே வைத்தார். எண்ணிடப் போன என்னைத் தடுத்துவிட்டார். முட்டையையோ குஞ்சையோ எண்ணினால் கண்ணூறு படுமாம்.

முறை பிரிக்க நான் காகிதம் எடுப்பதற்குள் ஊர்ப் பெண்கள் வாயாலேயே பிரித்துவிட்டார்கள். வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் முறை வைத்துப் பிரித்துப் பழகியவர்கள். தவத்தின் மனைவி, செல்வராணி, அவர் கணவர், எதிர்வீட்டு இரண்டு பெண்கள், நான். பாக்கியத்தின் பெயரை யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை என் முறை காலையில். ஆய்வகத்தில் எத்தனையோ கருவிகளைச் செய்திருக்கிறேன், நானே ஒரு கருவியானது இதுதான் முதல் தடவை. எண்ணைப் பார், சுவிட்சைத் தட்டு, எண்ணைப் பார். ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும் கொண்டு வந்து பக்கத்தில் வைத்தார்கள். ரொட்டியைப் பிய்க்கக் குனிந்த நேரத்தில் எண் எகிறிவிட்டது. பதறி அணைத்தேன். என் நிரல் எவ்வளவு பொறுமைசாலி என்று அப்போதுதான் அதன் மேல் எனக்கு மரியாதை வந்தது.

எனக்கு அடுத்த முறை செல்வராணிக்கு. அவர் வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் வேலிக்கு வெளியே யாரோ கூப்பிட்டார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, அவருடைய வயலின் முறை. அதை விட்டால் அடுத்த முறைக்கு வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டும். கணவர் ஏற்கெனவே வயலில் இருந்தார், மடை திறந்து மாற்ற ஒற்றை ஆள் போதாது. என்னைப் பார்த்தார். நான் ரொட்டித் தட்டைக் காட்டினேன். அந்த ரொட்டிக் காரியத்துக்குப் பிறகு என்னை நம்பி முட்டையை விட எனக்கே மனம் வரவில்லை. இரண்டு பேரும் சிரித்திருக்க வேண்டிய நேரம், சிரிப்பு வரவில்லை.

பாக்கியம் வேலிக் கதவான படலையடியில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை.

“ராணி, நீ போ,” என்றார். “நான் இருக்கிறன்.”

செல்வராணி அவரையே பார்த்தார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, “முப்பத்தெட்டைத் தாண்ட விடாதை,” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். பாக்கியம் கதிரையில் உட்காரவில்லை. பெட்டிக்கு முன்னால் நிலத்தில் சப்பணம் போட்டு, மல்டிமீட்டரை மடியில் வைத்துக்கொண்டார். நான் கொண்டுபோய் வைத்த பிளேன்ரீ ஆறியது. இன்னொன்று வைத்தேன். அதுவும் ஆறியது.

“குடிங்க, ஒரு வாய் குடிச்சா ஒண்ணும் ஆகாது,” என்றேன்.

“வேண்டாம் அக்கா,” என்றார், எண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல். “ஊருக்கு ஒரு பெட்டி. அதை நான்தான் பழுதாக்கினது. இந்த முட்டையும் போச்செண்டா நான் எந்த முகத்தோட ஒரு சாமான் இரவல் கேக்கிறது? ராணி பேசினாலும் பரவாயில்லை. அவள் பேசாமல் போறாள், அதுதான் ஏலாமல் கிடக்கு.”

செல்வராணி திரும்பி வரும்போது முழங்கால் வரை சேறு. பெட்டியைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார், வரிசையாக இருந்த இரண்டு ஆறிய தேநீரையும் பார்த்தார். காலைக்கூடக் கழுவாமல் ஒன்றை எடுத்து அப்படியே குடித்துவிட்டு, “மற்றதை நீ குடி,” என்றார்.  அன்று மாலை முறை சொல்லும்போது பாக்கியத்தின் பெயரைச் செல்வராணிதான் சொன்னார்.

சனிக்கிழமை நான் வவுனியாவுக்கு. றிஸ்வான் கடையில் வானொலி, மின்விசிறி, பழைய தொலைபேசி என்று கூரை வரை அடுக்கியிருந்தது. சின்ன வயதில் குடும்பத்தோடு முல்லைத்தீவை விட்டுப் புத்தளம் போய், அங்கேயே வேலை பழகித் திரும்பி வந்தவர். உணரியைக் கடையிலேயே சோதித்துக் காட்டிவிட்டு, “இன்னொண்டும் கொண்டு போங்கோ அக்கா, ஒண்டு போனா மற்றது உதவும்,” என்றார். கருவியை ஊருக்குக் கொடுப்பவர்கள் மாற்றுச் சாமானையும் அதே பெட்டிக்குள் ஒட்டிக் கொடுக்க வேண்டும். கிளிநொச்சிப் பேச்சில் இதைச் சொல்ல மறந்திருக்கிறேன். நிரலைத் தானும் எடுத்துக்கொள்ளலாமா, தன் உறவினர்கள் காடை வளர்க்கிறார்கள் என்று கேட்டார். எடுக்கலாம், மாற்றலாம், பெட்டி செய்து விற்கவும் செய்யலாம் என்றேன். கொஞ்ச நேரம் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்; பிறகு உள்ளே குரல் கொடுத்து வட்டிலப்பம் வரவழைத்தார். தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்ந்த அந்தப் பண்டத்தைத் தின்றபோது முட்டை என்பதே எனக்கு மறந்திருந்தது.

திரும்பும் வழியில், மாங்குளத்துக்குக் கிட்ட, பஸ் ஒரு பெரிய பெருமூச்சு விட்டு நின்றது. எங்கள் ஊரில் என்றால் முதலில் நடத்துநரோடு சண்டை. இங்கே எல்லோரும் இறங்கி மர நிழலில் உட்கார்ந்து கச்சான் உரிக்கத் தொடங்கினார்கள். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. மடியில் இருந்த பொட்டலத்தைக் காட்டி, இது போய்ச் சேர்ந்தால்தான் முட்டை பிழைக்கும் என்று ஒரு அம்மாவிடம் புலம்பினேன். அவர் எழுந்து நடு ரோட்டில் நின்று தர்பூசணி ஏற்றிய ஒரு சின்ன லாரியை மறித்தார். “தம்பி, இந்த அக்கா கோழிக்கு மருந்து கொண்டு போறா, கெதியா கொண்டுபோய் விடுங்கோ,” என்றார். மருந்து இல்லை என்று திருத்த எனக்குத் தோன்றவில்லை. தர்பூசணிகளோடு உருண்டுகொண்டு போனேன்.

வெளிச்சம் இருக்கும்போதே பொருத்தி முடித்தோம். இந்த முறை கருவியைப் பெட்டிக்கு உள்ளே வைக்காமல், வெளியே தனி டப்பாவில் வைத்து, ஒரு பிளக்கால் இணைத்தோம். மூடியில் புதுக் காகிதம்: ‘முதலில் இதைக் கழற்றி எடுங்கள். பிறகு பெட்டியை எவ்வளவு வேண்டுமானாலும் கழுவுங்கள்.’ துடைத்தால் போதும் என்று எழுதுவது அந்த ஊரில் நடக்கிற காரியமில்லை. இந்த மாற்றத்தை ‘ஜெயபுரம் வடிவம்’ என்று பெயரிட்டு இணையத்திலும் ஏற்றிவிட்டேன். திரையில் ‘சூடு சரி’ வந்தது. பாக்கியம் நம்பவில்லை. மல்டிமீட்டரோடு ஒப்பிட்டு நெடுநேரம் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

ஆனால் எங்கள் கையால் ஓட்டிய நேரத்தில் முட்டைகள் உயிரோடு இருந்தனவா என்பது யாருக்கும் தெரியாது. அதற்கு ஒரு வாரம் போக வேண்டும். பிறகுதான் இருட்டில் வெளிச்சம் பிடித்துப் பார்க்க முடியும். நான் முல்லைத்தீவுக்குப் போய் அங்கேயும் பேசினேன், கடற்கரையில் நடந்தேன், நண்டுக்கறியில் விரலைக் கிழித்துக்கொண்டேன். நல்ல ஊர், நல்ல காற்று. மனம் மட்டும் மீன் பெட்டிக்குள் கிடந்தது. தவத்துக்குச் செய்தி அனுப்பினால், “சூடு சரி அக்கா” என்று பதில் வரும். ஒரு நாள் கரண்ட் போய், பாக்கியம் சுடுதண்ணீரைப் போத்தல்களில் ஊற்றி உள்ளே அடுக்கி வைத்ததாகவும் சொன்னார்.

நாடு திரும்புவதற்கு முன் மறுபடி ஜெயபுரம் போனேன். குசினி ஜன்னலைச் சாக்கால் மறைத்திருந்தார்கள். உள்ளே செல்வராணியும் நானும்தான். மற்றவர்கள் வாசலுக்கு வெளியே. தொலைபேசியின் டார்ச்சு மேல் அட்டையில் வெட்டிய வட்டத்தை வைத்து, அதன் மேல் முதல் முட்டையை நிறுத்தினேன். முழுதும் மஞ்சள் வெளிச்சம், உள்ளே ஒன்றுமில்லை. இரண்டாவதும் அப்படியே. செல்வராணி மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. அவரிடம் என்ன சொல்வது என்று மனதுக்குள் தேடத் தொடங்கிவிட்டேன்.

மூன்றாவது முட்டையில் சிவப்பு நூல்கள் இருந்தன. நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி, அதிலிருந்து நாலு பக்கமும் மெல்லிய நரம்புகள். புள்ளி அசைந்தது.

செல்வராணி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, வெட்கப்படவில்லை. யாரோ முகம் தெரியாதவர்களுக்கு என்று எப்போதோ எழுதிப் போட்டது இந்த இருட்டுக் குசினியில் அசைந்துகொண்டிருந்தது. வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக இருந்த சில நாட்களில் அது ஒன்று.

“பாக்கியம்!” என்று செல்வராணி கத்தினார். “உள்ளுக்கு வாடி!”

பாக்கியம் வாசலில் தயங்கினார். “நான் தொட்டு ஏதும்…”

“விசர்க்கதை கதையாதை. இந்தா, மிச்சத்தை நீயே பார்த்துச் சொல்லு.” டார்ச்சை வாங்கி அவர் கையில் திணித்தார்.

பாக்கியம் கையைப் பாவாடையில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்தார். ஒரு முட்டையை எடுத்து வெளிச்சத்தில் வைத்தார். “இருக்கு,” என்றார், தனக்குள் சொல்வதுபோல. அடுத்தது. “இருக்கு.” அடுத்தது. “இது இல்லை.” அடுத்ததற்குக் குரல் கொஞ்சம் உயர்ந்தது. “இருக்கு ராணி, உதைப் பார், துடிக்குது!”

“எத்தினை அக்கா? எத்தினை?” என்று தவம் வெளியிலிருந்து கத்தினார்.

“எண்ணாதேங்கோ!” என்று உள்ளேயிருந்து இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

ஆகவே நானும் எண்ணவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு, செல்வராணி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பதையும், பாக்கியம் ஒவ்வொன்றாகப் பார்த்து “இருக்கு, இருக்கு” என்று சொல்லிக்கொண்டே போவதையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.